அம்மைத் தழும்பு

திருச்சிராப்பள்ளி மாநகரின் தென்பால் எடமலைப்பட்டி புதூர் என்னும் பகுதி உள்ளது. பங்குனித் திங்களின் தொடக்கத்தில் ஒரு நாள், அங்குள்ள தெருவொன்றில், ஒரு வீட்டின் நிலையில் வேப்பிலைக் கொத்துச் செருகப்பட்டிருந்தது. அதனைக் கண்டோர் உட்புகாது வாயிலிலேயே நின்று நலம் வினவிச் சென்றனர். ஒன்பதாம் வகுப்பிற் பயிலும் அவ்வீட்டுச் சிறுமிக்கு இரண்டு நாள் காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் முதுகிலும் மார்பிலும் செம்புள்ளிகள் தோன்றின. மாலைக்குள் அவை நீர்கோத்த கொப்புளங்களாயின.

அவ்வீட்டின் முதியவள் சிறுமியின் பாட்டி. அவளுக்கு வயது எழுபதுக்கு மேல். "அம்மை வந்திருக்கிறாள்; யாரும் சத்தமாகப் பேச வேண்டா" என்று கட்டளையிட்டுப் பேத்தியைத் தனியறையிற் கிடத்தினாள். பாயில் வேப்பிலை பரப்பினாள்; இளநீரும் மோரும் கொடுத்தாள். சமயபுரத்தாளுக்கு ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து வைத்தாள். அந்நாள்களில் சமயபுரம் மாரியம்மன் கோயிலில் பூச்சொரிதல் தொடங்கியிருந்தது. மாசிக் கடை ஞாயிறு தொட்டு இருபத்தெட்டு நாள், தன் மக்கள் நோயின்றி வாழும் பொருட்டு, அவ்வன்னை தானே பச்சைப் பட்டினி கிடக்கின்றாள் என்பது அவ்வட்டாரத்து மக்களின் நம்பிக்கை. அடியவர் தெய்வத்திற்காக நோன்பிருப்பது எங்கும் உண்டு. தெய்வம் அடியவர்க்காக நோன்பிருப்பது அரிதினும் அரிது. அம்மை நோய்க்கு இம்மக்கள் எத்துணை அஞ்சியிருந்தனர் என்பது இதனால் விளங்கும்.

படுத்திருந்த சிறுமிக்குப் பொழுது போகவில்லை. விசிறிக்கொண்டிருந்த பாட்டியின் கையை உற்றுநோக்கினாள். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையே, பழைய ஓட்டைக் காசளவில் இரண்டு வட்டத் தழும்புகள் இருந்தன.

"பாட்டி, உங்கள் கையில் இருப்பது என்ன தழும்பு?"

"அது அம்மை குத்தின தழும்பு, கண்ணே. எனக்கு ஐந்து வயதிருக்கும். அம்மை குத்துகிறவர் ஊருக்குள் வருகிறார் என்று கேள்விப்பட்டதுமே பிள்ளைகளெல்லாம் ஓடி ஒளிந்துவிட்டோம். நான் நெற்குதிருக்குப் பின்னால் ஒளிந்தேன். என் தந்தையார் இழுத்து வந்து கையை நீட்டச் செய்தார். திருகாணி போன்ற கருவியை வைத்துத் திருகினார்கள். உயிர் போய் வந்தது. என் அண்ணன் தோப்புக்குள் ஓடி மறைந்தவன் இருட்டிய பிறகே வீடு திரும்பினான். அவனுக்குக் குத்தவில்லை."

"பிறகு?"

பாட்டி சற்று நேரம் வாளாவிருந்தாள். "அடுத்த ஆண்டு பெரியம்மை வந்தது. எனக்கு ஒன்றும் இல்லை. அவன் பிழைத்தான்; ஆனால் இரண்டு கண்ணும் போய்விட்டன" என்றாள்.

பெரியம்மையின் கொடுமையை இன்றைய மாணவர் கண்டறியார். தடுப்பு இல்லாதாரை அந்நோய் பற்றின், நூற்றுவருள் முப்பதின்மர் அளவில் மடிந்தனர். பிழைத்தோர் முகமெல்லாம் குழி விழுந்தது, பலர் கண்ணிழந்தனர். இருபதாம் நூற்றாண்டில் மட்டும் உலகெங்கும் 30 கோடி மக்களை அது கொன்றிருக்கும் என்று கணக்கிடுகின்றனர்.

நம் முன்னோர் அம்மை வகைகளைக் கூர்ந்து நோக்கி, கொப்புளங்களின் வடிவுக்கேற்பப் பெயரிட்டனர். கொள்ளம்மை, கடுகம்மை, மிளகம்மை, நீர்க்கொள்வான் எனச் சித்த மருத்துவ நூல்கள் பெயர் கூறும். வடமொழியாளர் மசூரிகை என்றதும் மசூர்ப் பருப்பை ஒத்த வடிவு பற்றியே. தோற்றத்தை இத்துணை நுட்பமாகக் கண்டவர்க்கும் அதன் காரணம் புலப்படவில்லை. புலப்படாமைக்கு அவர் குறையன்று காரணம். அது கண்ணுக்குப் புலனாகும் பொருளே அன்று.

அக்காரணப் பொருளை ஆங்கிலத்தில் வைரஸ் என்பர். இலத்தீன் மொழியில் அச்சொல்லுக்கு நஞ்சு என்பது பொருள். தமிழில் அதனை நச்சுயிரி என்றனர். அண்மைக் காலத்தில் தீநுண்மி என்னும் சொல்லும் வழக்கிற்கு வந்தது. இரண்டனுள் பின்னதே பொருத்தமானது எனத் தோன்றுகிறது. என்னையெனின், முன்னைய சொல்லில் உயிர் என்பது அடங்கியுள்ளது. இப்பொருள் உயிருடையதா என்பதோ அறிஞரிடையே இன்னும் முடியாத வழக்கு. எனினும் நச்சுயிரி என்பதே பெருவழக்காதலின் ஈண்டும் அதுவே ஆளப்படுகிறது.

தொல்காப்பியர் புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என்றார். அவற்றுக்கு ஊற்றுணர்வு உண்டு. நச்சுயிரியை அவ்வரிசையில் எங்கு வைப்பது? அஃது உண்பதில்லை, மூச்சு விடுவதில்லை, வளர்வதில்லை, தனித்துக் கிடக்குங்கால் ஒரு துகள் போற் கிடக்கும். ஆயின் மற்றோர் உயிரின் உயிரணுவுக்குள் புகுந்துவிட்டால், ஒன்று பலவாய்ப் பெருகும். தமிழ் எழுத்துக்கொண்டே இதனை விளக்கலாம். மெய்யெழுத்துத் தானே இயங்காது. உயிர் வந்து சேர்ந்தவழியே இயங்கும். நச்சுயிரி ஒரு மெய். நம் உடலின் உயிரணுவே அதற்கு உயிர். வேறுபாடு ஒன்றுண்டு. எழுத்தில் உயிரும் மெய்யும் கூடினால் உயிர்மெய் பிறக்கும். ஈண்டோ மெய் தன்னைப் பெருக்கிக்கொண்டு, உயிர் கொடுத்த அணுவைப் பெரும்பாலும் அழித்துவிடும்.

அதன் அமைப்பு மிக எளியது. நடுவே மரபுப் பொருள். அதனைச் சூழ ஒரு புரத உறை. சிலவற்றிற்கு அதன்மேல் கொழுப்பாலாகிய மேலுறையும் உண்டு. மரபுப் பொருள் என்பது 'என்னைப் போல் இன்னொன்று செய்க' என எழுதப்பட்ட ஓலை போன்றது. நச்சுயிரி தனக்கு ஏற்ற உயிரணுவின் மேற்பரப்பில், பூட்டிற் சாவி பொருந்துவது போலப் பொருந்தி உட்புகும். உட்புகுந்ததும் அவ்வோலையை அவிழ்க்கும். உயிரணுவோ அது பகைவன் ஓலை என்றறியாது, தன் தொழிற்கூடத்தில் அதன் படிகளை ஆயிரக்கணக்கில் செய்து கொடுக்கும். அப்படிகள் வெளிப்போந்து பக்கத்து அணுக்களைப் பற்றும். நோய் பற்றிய நாளுக்கும் வெளிப்படும் நாளுக்கும் இடையே சில நாள் கழிவது இதனாலேயே. சின்னம்மைக்கு அவ்விடைக்காலம் 10 முதல் 21 நாள். சிறுமிக்கு இன்று கண்ட கொப்புளம் இரண்டு மூன்று கிழமைகளுக்கு முன்னர் எங்கோ பற்றியதாகும்.

இப்பொருள் இருப்பது முதலில் தெரிய வந்தது ஒரு புகையிலைச் செடியால். அச்செடியின் இலைகளில் திட்டுத்திட்டாய் நிறம் மாறும் நோயொன்று உண்டு. 1892ஆம் ஆண்டில் உருசிய நாட்டு இவனோவ்ஸ்கி என்பார் நோயுற்ற இலையின் சாற்றைப் பீங்கான் வடிகட்டியில் வடித்தார். பாக்டீரியாக்களைத் தடுத்து நிறுத்தும் அவ்வடிகட்டியின் வழியே வந்த தெளிந்த நீரும் நோயை உண்டாக்கியது. 1898இல் ஆலந்து நாட்டுப் பைஜெரிங்க் என்பார், இது பாக்டீரியா அன்று, வேறொன்று எனத் துணிந்து கூறினார். அதன் உருவத்தைக் காண்பதற்கு எலக்ட்ரான் நுண்பெருக்கி தோன்றும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு செய்தால் ஒரு கூறு நானோமீட்டர் எனப்படும். இளம்பிள்ளைவாத நச்சுயிரியின் குறுக்களவு ஏறத்தாழ 30 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் நீளத்தை நிரப்ப அத்தகையன முப்பதாயிரத்திற்கு மேல் வரிசையாக நிற்க வேண்டும். பெரியம்மை நச்சுயிரி அவ்வினத்துள் பேருருவினது. ஏறத்தாழ 300 நானோமீட்டர்.

காரணம் இன்னதென அறியும் முன்னரே காப்பினைக் கண்டவர் இங்கிலாந்து நாட்டு மருத்துவர் எட்வர்டு ஜென்னர். பசுவின் மடியில் வரும் கோவம்மை கையில் தொற்றிய பால்காரப் பெண்களுக்குப் பெரியம்மை வருவதில்லை என்பது அந்நாட்டு உழவர் பேச்சு. கற்றோர் பலர் அப்பேச்சைக் காதிலேயே வாங்கவில்லை. ஜென்னர் வாங்கினார். 1796ஆம் ஆண்டு மே திங்கள் 14ஆம் நாள், கோவம்மைக் கொப்புளத்து நீரை எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் கையிற் கீறி ஏற்றினார்; பின்னர்ப் பெரியம்மை நீரையே ஏற்றியபோதும் அச்சிறுவனுக்கு நோய் வரவில்லை. உடலானது பகைவனின் தம்பியைக் கண்டு போர் பழகி, பின் பகைவன் வந்தகாலை அவன் முகச்சாயலால் அவனை இனங்கண்டு வென்றது எனலாம். இங்ஙனம் இனங்கண்டு பற்றும் பொருள்களை எதிர்ப்பொருள்கள் என்பர்.

அம்மைப்பால் நம் நாட்டுக்கு வந்த வரலாறு வியப்புக்குரியது. அக்காலத்தில் பனிப்பெட்டி இல்லை. ஒருவர் கைக் கொப்புளத்திலிருந்து அடுத்தவர் கைக்கு, அவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு எனக் கைமாறிக் கைமாறிப் பாக்தாது, பசரா வழியாகப் பம்பாய்க்கு வந்தது. 1802ஆம் ஆண்டு சூன் 14ஆம் நாள் அங்கு மூன்று வயதுக் குழந்தையொன்றுக்கு முதன்முதல் குத்தப்பட்டது. அங்கிருந்து சென்னை முதலிய இடங்களுக்குச் சென்றது. மக்களோ அஞ்சினர். அம்மையின் சினத்திற்கு ஆளாவோம் என்றனர். அவ்வச்சத்தை நீக்க முனைந்தோருள் ஒருவர், திருக்குறளுக்கு உரை வரைந்தவரும் சென்னையில் கலெக்டராயிருந்தவருமாகிய எல்லிஸ் துரை. அவர் சத்தியும் தன்வந்திரியும் தம்முள் உரையாடுவதாக ஒரு நூல் இயற்றினார். பசுவினின்று வந்த இம்மருந்து அன்னைக்கு உகந்ததே என மக்களை நம்பச் செய்தல் அதன் நோக்கம். மக்கள் மனத்துள் புகவேண்டுமாயின் மக்கள் வழியே செல்லவேண்டும் என்பதைத் தமிழ் கற்ற அவ்வறிஞர் உணர்ந்திருந்தார் போலும்.

1899இல் சென்னைக் கிண்டியில் கிங் நிலையம் நிறுவப்பட்டது. மாகாணத்தின் சுகாதார ஆணையராயிருந்த கிங் என்பவர் பெயரை அது தாங்கியுள்ளது. கன்றுகளின் தோலில் அம்மைப்பாலை வளர்த்து ஊர்களுக்கு அனுப்பும் பணி அங்கு நெடுங்காலம் நடைபெற்றது. நம் வெயிலில் அப்பால் விரைவில் வலியிழந்தமை பெருந்துன்பமாயிருந்தது. உறையவைத்து உலர்த்திய மருந்து வந்த பின்னரே அத்துன்பம் நீங்கிற்று. 1962இல் நாடு தழுவிய ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. பின்னர்க் கவை போல் இருமுனை கொண்ட ஊசி வந்தது. திருகு கருவி மறைந்தது.

எல்லார்க்கும் குத்திவிட்டால் நோய் ஒழியும் என முதலில் எண்ணினர். பெருந்திரளான மக்களுள் விடுபட்டோர் எவ்வளவு குறைவாயினும், நோய் அவர்களைத் தேடிப் பிடித்தது. ஆதலின் முறையை மாற்றினர். நோய் கண்ட வீட்டைக் கண்டுபிடித்து, அதனைச் சுற்றியுள்ளோர்க்கெல்லாம் உடனே அம்மை குத்தி, தீயைச் சுற்றி வெட்டிய அகழி போல வளைத்தனர். பணியாளர் பெரியம்மை கண்ட குழந்தையின் படத்தைக் கையிலேந்தி, "இத்தகைய நோயாளியைக் கண்டீரோ?" என வீடுவீடாகவும் சந்தைசந்தையாகவும் கேட்டுச் சென்றனர். சொல்வார்க்குப் பரிசும் உண்டு. இறுதிக் காலத்தில் அப்பரிசு ஆயிரம் ரூபாய் வரை உயர்ந்தது. தென்மாநிலங்களில் நோய் முன்னரே ஓய்ந்தது. வடமாநிலங்களில் 1974ஆம் ஆண்டு அது கடைசியாகக் கொழுந்துவிட்டு எரிந்தது. அவ்வோராண்டில் நம் நாட்டில் நோய் கண்டோர் 1,80,000க்கும் மேற்பட்டோர். அடுத்த ஆண்டு மே திங்களுக்குப் பின் இந்தியாவில் ஒருவர்க்கும் அது வரவில்லை. 1977 அக்டோபரில் சோமாலிய நாட்டு மருத்துவமனைச் சமையற்காரர் ஒருவரே இயற்கையில் அந்நோய் கண்ட கடைசி மனிதர், அவரும் பிழைத்தார். 1980ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் உலகில் பெரியம்மை இல்லை என உலக நலவாழ்வு மன்றம் அறிவித்தது. இன்று அந்நச்சுயிரி அமெரிக்காவிலும் உருசியாவிலும் உள்ள இரண்டு ஆய்வகங்களில் மட்டும் பூட்டி வைக்கப்பட்டுள்ளது.

எடமலைப்பட்டி புதூர் வீட்டிற்கு மீள்வோம். அவ்வீட்டில் சிறுமியின் அண்ணியும் இருந்தாள். அவள் கருவுற்று நான்கு திங்கள் ஆகியிருந்தது. நாத்தியாருக்கு நோய் என்றதும் அவளே பக்கத்திலிருந்து கஞ்சி புகட்டினாள். நான்காம் நாள், நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலி, கருவுற்றோரைப் பார்த்து வரும் முறையில் அவ்வீட்டிற்கு வந்தாள். நிலையிலிருந்த வேப்பிலையைக் கண்டதும் அவள் முகம் மாறிற்று.

"பாட்டி, உங்கள் மருமகளுக்கு முன்பு எப்போதாவது அம்மை போட்டிருக்கிறதா?" என்று வினவினாள்.

"தெரியவில்லையே, அம்மா. அவள் பிறந்த வீட்டாரைக் கேட்க வேண்டும். எதற்குக் கேட்கிறாய்? இது சின்னம்மைதானே?"

"சின்னம்மைதான். பிள்ளைகளுக்கு வந்தால் பத்து நாளில் இறங்கிவிடும். கருவுற்றவர்களுக்கு வந்தால் நுரையீரலைத் தாக்கும். சில வேளை வயிற்றுக் குழந்தையையும் ஊனப்படுத்தும். அவரை இப்போதே வேறு அறைக்கு அனுப்புங்கள். நாளை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்."

"அம்மை வந்த வீட்டிலிருந்து வெளியே போகலாமா? மருத்துவரிடம் போனால் குற்றமாகாதா?"

செவிலி சினந்திலள். "நீங்கள் வேப்பிலை செருகியதால்தானே நான் அறிந்தேன்? பத்துப் பேர் உள்ளே வராமல் நின்றதும் அதனால்தான். அது நல்ல வழக்கம், பாட்டி. அதே காப்பை உங்கள் மருமகளுக்கும் கொடுக்கச் சொல்கிறேன்" என்றாள்.

பாட்டி தன் கைத்தழும்பைத் தடவியவாறே நெடுநேரம் பேசாதிருந்தாள். பின், "பெரியம்மையை ஒழித்தார்களே, இதை ஏன் ஒழிக்கவில்லை?" என்றாள்.

அவ்வினா பாட்டியின் வினாவாயினும் அறிஞர் வினாவே. பெரியம்மை மனிதரை அன்றி வேறு விலங்கைப் பற்றியதில்லை. வந்தால் முகத்திலேயே எழுதிக் காட்டியது. போனால் முற்றும் போயிற்று. சின்னம்மையோ அப்படியன்று. அஃது அம்மை என்னும் பெயரைப் பகிர்ந்துகொண்டதேயன்றி வேறு குலத்தைச் சார்ந்தது. கொப்புளம் உதிர்ந்த பின்னும் அது நரம்புக் கணுக்களில் ஒளிந்து பல்லாண்டு கிடக்கும். உடல் தளர்ந்த முதுமையில் விழித்தெழுந்து, ஒரு நரம்பின் வழியே இறங்கி, ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாக எரிகொப்புளமாய் வெளிப்படும். அதனையே அக்கி என்கிறோம். குயவரிடம் சென்று செங்காவியால் அக்கி எழுதிக்கொள்ளும் வழக்கம் இன்றும் ஊர்ப்புறங்களில் உண்டு. முன்னொரு கால் தாத்தாவுக்கு வந்த அக்கி, அவர் பிள்ளைப் பருவத்துச் சின்னம்மையே என்று செவிலி சொல்லக் கேட்டுப் பாட்டி வியந்தாள். சின்னம்மைக்கும் தடுப்பூசி உண்டு. 1974இல் சப்பான் நாட்டு அறிஞர் தக்காகாசி அதனை ஆக்கினார்.

ஏனைய நச்சுயிரிகளும் தத்தம் சூழ்ச்சியால் நிலைபெற்றுள்ளன. சளிக்காய்ச்சல் நச்சுயிரி ஆண்டுதோறும் உறையை மாற்றி வேற்றுருக் கொள்ளும். பறவைகளிலும் பன்றிகளிலும் அதற்குப் புகலிடம் உண்டு. டெங்கு நச்சுயிரி பகலிற் கடிக்கும் கொசுவின் முதுகேறி வரும். அக்கொசு சாக்கடையை நாடாது, உரற்குழியிலும் பழைய டயரிலும் தேங்கிய நன்னீரையே நாடும். மஞ்சள் காமாலையுள் ஒருவகை குடிநீர் வழியே வரும். பொன்னுக்கு வீங்கி எச்சில் துளியால் பரவும். கழுத்தில் பொற்சங்கிலி அணிவித்தால் தீரும் என்பர். தானே பத்து நாளில் வடியும் வீக்கத்தின் பெருமையைப் பொன் பெற்றது. இளம்பிள்ளைவாதம் மட்டும் நம் நாட்டில் வீழ்ந்தது. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய ஜேக்கப் ஜான் முதலியோரின் ஆராய்ச்சி அவ்வெற்றிக்குத் துணைநின்றது. 2011 சனவரியில் வங்காளத்து ஹவுராவில் ஒரு குழந்தைக்கு வந்ததே இந்தியாவில் இயற்கையாக வந்த கடைசி வாதம்.

இவற்றுள் வெறிநாய்க்கடி நோயை மாணவர் தனியே அறிந்திருத்தல் வேண்டும். ஏனையவற்றைப் பொறுத்திருந்து பார்க்கலாம், இதனைப் பார்க்கலாகாது. வெறிகொண்ட நாயின் எச்சிலில் உள்ள நச்சுயிரி, கடிவாயினின்று நரம்பின் வழியே மெல்ல மெல்ல மூளையை நோக்கி ஏறும். அதற்குக் கிழமைகளோ திங்கள்களோ ஆகும். மூளையை அடைந்து, நீரைக் கண்டு நடுங்கும் நிலை வந்தபின், பிழைத்தார் அரியர். ஆனால் அப்பயணம் முடியுமுன் ஊசி போட்டுக்கொண்டார் காக்கப்படுவர். 1885இல் பாஸ்டர் முதலிற் காட்டிய வழி இது. நீலமலைக் குன்னூரில் 1907இல் அவர் பெயரால் தோன்றிய நிலையம் தென்னாட்டார்க்கு இம்மருந்தை வழங்கிற்று. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற அச்சத்தால் கடிபட்டதையே மறைத்த பிள்ளைகள் முன்பு உண்டு. இன்று அது கிடையாது. கையில் சில ஊசிகளே. கடித்தது வளர்ப்பு நாயாயினும் குட்டியாயினும், ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுதல் வேண்டும். இந்நச்சுயிரியின் மேலுறை கொழுப்பாதலின் சோப்பு அதனைச் சிதைக்கும். சுண்ணாம்பும் மிளகாய்ப்பொடியும் கடிவாயில் இடலாகாது. கழுவியபின் அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும்.

மறுநாள் பாட்டியே மருமகளை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றாள். குருதியை ஆய்ந்த மருத்துவர், அதில் சின்னம்மைக்குரிய எதிர்ப்பொருள் இருப்பதைக் கண்டார். நினைவறியாப் பருவத்தில் எப்பொழுதோ அவளுக்கு அந்நோய் வந்து போயிருந்தது. பாட்டி இரு கையையும் தலைமேற் குவித்தாள்.

சிறுமிக்கு ஆஸ்பிரின் கொடுக்க வேண்டா என்றும், நகத்தை வெட்டிவிடுக என்றும், எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டும்வரை பள்ளிக்கு அனுப்பற்க என்றும் செவிலி சொல்லியிருந்தாள். பாக்டீரியாவைக் கொல்லும் மருந்துகளை வாங்கிவர எழுந்த தந்தையையும் அவள் தடுத்தாள். அம்மருந்துகள் பாக்டீரியாவின் தொழிற்கூடத்தைத் தாக்குவன. நச்சுயிரிக்கோ தாக்குதற்குத் தனக்கெனத் தொழிற்கூடமே இல்லை.

பொருக்கு உதிர்ந்தது. வேப்பிலையும் மஞ்சளும் இட்ட நீரில் சிறுமிக்குத் தலைக்கு ஊற்றினர். பாட்டி சமயபுரம் சென்று காணிக்கையைச் செலுத்தி வந்தாள். அடுத்த புதன்கிழமை சுகாதார நிலையத்தில் தடுப்பூசி நாள். பக்கத்து வீட்டுப் பேரனுக்குத் தட்டம்மைத் தடுப்பூசியின் இரண்டாம் தவணை தவறிப் போயிருந்ததைப் பாட்டி கேள்வியுற்றிருந்தாள். காலையிலேயே அவ்வீட்டுக்குச் சென்றாள். ஊசி என்ற சொல் காதில் விழுந்ததும் சிறுவன் பீரோவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

"குதிருக்குப் பின்னால் ஒளிந்தவள் அழைக்கிறேன், வெளியே வாடா, ராசா" என்று பாட்டி குனிந்து கையை நீட்டினாள்.